ஃபைலில் இல்லாத பக்கம்

சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் மின்ரயில், ஊருக்கு முந்தைய நிறுத்தமாகப் புட்லூரில் நிற்கும். அங்குள்ள அங்காளபரமேஸ்வரி நிறைமாதக் கர்ப்பிணியாக மல்லாந்து கிடக்கும் புற்று. பிள்ளை வரம் கேட்டு அந்தப் புற்றுக்கு மஞ்சள் குங்குமம் போடப் பெண்கள் வருகிறார்கள். அடுத்த நிறுத்தமான திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள். வைத்திய வீரராகவர் என்றே அவருக்குப் பெயர். அவர் கோயில் குளத்தின் பெயர் ஹிருத்தாபநாசினி. நெஞ்சின் தாபத்தைத் தீர்ப்பது என்று பொருள். உடம்பில் உள்ள கட்டி கரைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அந்தக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். இந்த இரண்டு கோயில்களுக்கும் பக்கத்தில்தான் காக்களூர். ஏரி, சிட்கோ தொழிற்பேட்டை, ஆவின் பால் பண்ணை, ஷிப்டு முடிந்து சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் திரும்பும் கூட்டம்.

கும்பிடும் புற்றுக்கும் பயப்படும் புற்றுக்கும் தமிழில் ஒரே சொல். ஆனால் வீட்டில் யாருக்காவது வந்துவிட்டால் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. 'கட்டி' என்பார்கள், 'அந்த வியாதி' என்பார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை 'கரண்ட் வைக்கிறது'. கீமோதெரபி 'மருந்து ஏத்துறது'. சிகிச்சை முடிந்து மீண்டு வந்தவர் கையில் தடித்த ஃபைல் ஒன்று இருக்கும். ஓ.பி. சீட்டு, பயாப்சி முடிவு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சுருக்கம் என்று பெரும்பாலும் ஆங்கிலத்தில். அவர் உடம்பைப் பற்றி அத்தனை பேர் எழுதிய அந்த ஃபைலில் அவரே எழுதிய வரி ஒன்றுகூட இருக்காது.

அந்த ஒரு வரியை அவர் எழுதினால் என்ன ஆகும்? நாற்பது ஆண்டுகளாக உளவியலாளர்கள் சோதித்துவரும் கேள்வி இது. அமெரிக்காவில் குடியேறிய ஆசியப் பெண்களிடம் இந்தச் சோதனை நடந்தபோது யாரும் எதிர்பாராத பதில் ஒன்று கிடைத்தது. காக்களூருக்கும் இதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிக்கும் உதவக்கூடியது அந்தப் பதில்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பதினைந்து நிமிடம், நான்கு நாள்

தொடக்கம் ஒரு கல்லூரிச் சோதனை. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். சிலருக்குச் சாதாரணத் தலைப்பு. சிலருக்குத் தங்கள் வாழ்வில் நடந்த மிகக் கசப்பான சம்பவம். கசப்பானதை, அதில் தங்களுக்கு நேர்ந்த உணர்ச்சிகளோடு சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த கையோடு கலங்கித்தான் போனார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு.

ஏன் என்ற கேள்விக்குப் பென்னிபேக்கர் பின்னர் தேடிய விடை மொழிக்குள் இருந்தது. எழுதியவர்களின் தாள்களில் உள்ள சொற்களை எண்ணிப் பார்த்தார். முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் 'ஏனென்றால்', 'புரிகிறது' போன்ற காரணமும் தெளிவும் காட்டும் சொற்கள் யாரிடம் கூடினவோ, அவர்களுக்கே பலன் அதிகம். நெஞ்சில் உள்ளதைக் கொட்டித் தீர்ப்பது மட்டும் போதாது. சிதறிக் கிடந்தது கோவையாக மாற வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், புலம்பல் கதையாக வேண்டும்.

புற்றுநோய் வார்டுக்குள் இந்த முறை வந்தபோது முதல் பலன்கள் நம்பிக்கை தந்தன. 2002இல் ஆனெட் ஸ்டான்டன் குழுவினர், மார்பகப் புற்றுநோயின் தொடக்க நிலையில் சிகிச்சை பெற்ற 60 பெண்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு நோய் பற்றிய ஆழ்ந்த உணர்வுகளையும், இன்னொன்று நோயால் தாங்கள் கண்டுகொண்ட நல்லவற்றையும், மூன்றாவது பிரிவு வெறும் தகவல்களையும் எழுதின. முதல் இரண்டு பிரிவினரும் நோய் சார்ந்த தொந்தரவுகளுக்காக மருத்துவரை நாடியது குறைந்தது. 2014இல் சிறுநீரகப் புற்றுநோயாளிகள் 277 பேரிடம் நடந்த சோதனையிலும், எழுதியவர்களுக்குப் பத்து மாதம் கழித்து உடல் உபாதைகள் குறைந்திருந்தன.

இத்தோடு நிறுத்தினால் அது விளம்பரம் ஆகிவிடும். 2015இல் ராபர்ட் சக்கரியேயும் மியா ஓ'டூலும் புற்றுநோயாளிகளிடம் நடந்த 16 சோதனைகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தேறவில்லை. ஆனால் ஒரு கீற்று தெரிந்தது. மனம்விட்டுப் பேச ஆள் இல்லாதவர்களுக்கு எழுத்து கூடுதலாக உதவக்கூடும். பேசத் துணையிருப்பவருக்குத் தாள் தேவையில்லை. துணையில்லாதவருக்குத் தாளே துணை. அப்படியானால் யாரிடமும் பேச முடியாத நிலையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கலிஃபோர்னியாவில் சீன மொழியில் எழுதியவர்கள்

உளவியலாளர் சியான் லூ இந்தக் கேள்வியோடுதான் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட, சீன மொழி பேசும் புலம்பெயர்ந்த பெண்களிடம் போனார். நோயைச் சொன்னால் குடும்பத்துக்குத் தலைகுனிவு, சொல்லி அழுதால் மற்றவர்களுக்குப் பாரம், முன்வினை என்று பேசுவார்களோ என்ற பயம். இவற்றோடு மருத்துவர் பேசும் ஆங்கிலம் புரியாத திண்டாட்டமும் சேர்ந்திருந்தது. சீனம் என்பதை எடுத்துவிட்டுத் தமிழ் என்று போட்டாலும் இந்தப் பட்டியல் அப்படியே நிற்கும்.

2012இல் வந்த அவருடைய முன்னோட்ட ஆய்வில் 19 பெண்கள். மருத்துவமனைக்கு யாரையும் வரச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம், அரை அரை மணி நேரம், வீட்டில் உட்கார்ந்து, தாய்மொழியில் எழுதச் சொன்னார்கள். நோயாளிகளோடு ஏற்கெனவே பழகிவந்த ஒரு சமூக அமைப்பு நடுவில் நின்றது. பலன் தெரிந்தது.

அடுத்து 96 பெண்களுடன் பெரிய சோதனை. முடிவுகள் 2017இல் வெளிவந்தன. ஒரு பிரிவு ஆழ்ந்த உணர்வுகளை எழுதியது. இன்னொரு பிரிவு உணர்வு, சமாளித்த விதம், கிடைத்த நன்மை என்று வாரம் ஒன்றாக எழுதியது. மூன்றாவது பிரிவுக்குக் கொடுத்தது ஒப்பீட்டுக்கான வேலை மட்டுமே: என்ன நோய், என்ன சிகிச்சை என்ற விவரங்களை, உணர்ச்சியைக் கலக்காமல் எழுதுவது. அந்தப் பிரிவிடம் ஆய்வாளர்கள் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வாழ்க்கைத் தரத்தில் முன்னால் நின்றது அந்தப் பிரிவுதான்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? 'உன் அடிமனதில் இருப்பதைச் சொல்' என்ற அழைப்பு எல்லாப் பண்பாட்டுக்கும் பொதுவானது அல்ல. மனதை அடக்கி வைப்பதே மரியாதை என்று வளர்ந்தவரிடம் அப்படிக் கேட்டால் பேனா நகராது. 'என்னென்ன நடந்தது, வரிசையாகச் சொல்லுங்கள்' என்று கேட்டால் நகரும். தவிரவும், நடந்ததை வரிசைப்படுத்துவது என்பதே ஒரு தெளிவு. எந்த மாதம் கட்டியைப் பார்த்தேன், யாரிடம் முதலில் சொன்னேன், எத்தனை நாள் தள்ளிப்போட்டேன் என்று எழுதுகிறவர் உணர்ச்சி என்ற சொல்லையே தொடாமல் அதன் நடுவில் வந்து நிற்கிறார். 'எத்தனை நாள் தள்ளிப்போட்டேன்' என்பது பார்வைக்குத் தகவல். எழுதுகிற கைக்கு அது தகவல் மட்டுமா?

பிராதும் ராமஜெயமும்

ஆற்றாமையை எழுத்தில் இறக்கி வைப்பது நமக்குப் புதிதல்ல. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் 'பிராது கட்டுதல்' என்று ஒரு வழக்கம் உண்டு. தன் குறையைத் தாளில் மனுவாக எழுதி, முருகன் முன் வைத்து, பிறகு முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். எழுதத் தெரியாதவருக்கு வேறொருவர் எழுதிக் கொடுப்பதும் உண்டு. வாசகர் யார் என்பது உறுதி, அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை என்பதும் உறுதி. பென்னிபேக்கர் தன் மாணவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதியும் ஏறக்குறைய அதுவே: எழுதியது உங்கள் பெயரோடு வெளியே போகாது.

ஸ்ரீராமஜெயம் எழுதுவது இன்னொரு வகை. வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நோட்டு நோட்டாக எழுதும் பாட்டிகளை நமக்குத் தெரியும். அது மனதை ஓரிடத்தில் கட்டும், கையைச் சும்மா இருக்கவிடாது. ஆனால் லட்சம் முறை எழுதினாலும் எழுதுகிறவரின் கதை அதில் ஒரு வரியும் வராது. பிராதில் கதை உண்டு, ராமஜெயத்தில் அமைதி உண்டு. நோயிலிருந்து மீண்டவருக்கு இரண்டும் வேண்டும்.

இலக்கியத்திலும் ஒரு சாட்சி இருக்கிறது. சினிமா வேலைக்காகப் புனே போன புதுமைப்பித்தனைக் காசநோய் அங்கே படுக்கவைத்தது, 1948இல் இறந்தார். பிரிந்திருந்த காலங்களில் மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாயின. பிழைப்புக்காக வெளியூர் போன ஒருவர், கைக்காசில்லாமல், உடம்பு சரியில்லாமல், ஊரில் உள்ள பெண்டாட்டிக்கு எழுதியவை அவை. பெரிய எழுத்தாளர் என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அவர் நிலையில் இருக்கிறவர்கள் இன்று நம் தொழிற்பேட்டைகளில் ஏராளம்.

இங்கே யார் புலம்பெயர்ந்தவர்?

காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஒரே அறையில் பலர் தங்கி, ஆள் மாற்றி ஆள் தூங்கும் வாழ்க்கை. கும்மிடிப்பூண்டியிலேயே 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. அகதிகள் முகாம் என்ற பெயர் 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. அங்கே பிறந்த பிள்ளைகளே இப்போது பெற்றோராகிவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் சீனப் பெண்களும் இவர்களும் ஒன்றல்ல. ஒடிசாத் தொழிலாளி சொந்த நாட்டுக்குள் இருக்கிறார். முகாமில் இருப்பவர் சொந்த மொழிக்குள் இருக்கிறார். ஆனால் சொந்த ஊருக்குள் இருவருமே இல்லை. நோய் வந்தால் தலைமாட்டில் உட்கார அக்கா இல்லை, அத்தை இல்லை.

நோயின் மொழியும் இவர்களுக்கு அந்நியம். ஒடியா பேசுகிறவருக்கு மருத்துவமனையின் ஆங்கிலமும் புரியாது, நர்ஸின் தமிழும் அரைகுறை. கூட வந்த மேஸ்திரியோ அறைத் தோழரோதான் மொழிபெயர்ப்பாளர். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அவரிடம் எப்படிச் சொல்வது? லூவின் ஆய்வில் தாய்மொழியில் எழுதச் சொன்னது நுணுக்கம் அல்ல, அடிப்படை. காக்களூரில் இதைச் செய்தால் தமிழ், ஒடியா, இந்தி, வங்காளம் என்று எந்த எழுத்தில் வந்தாலும் நோட்டு ஏற்க வேண்டும்.

நடந்ததை எழுதுவதில் இவர்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, தகுதி உள்ளவர்களுக்கு, சம்பளத்தில் 80 விழுக்காடு இரண்டு ஆண்டு வரை நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாழ் இலங்கைத் தமிழருக்கு இடம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் இங்கு வசிப்பதாகச் சான்று பெற்ற வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. இவை எல்லாமே தேதி கேட்கும். எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விடுப்பு எடுத்தீர்கள், எந்த நாளில் ஆபரேஷன்? நோய் காலத்து நினைவு கலங்கியது. கீமோ எடுத்தவர்களில் பலர் மறதியைச் சொல்வார்கள். தேதியோடு எழுதிய நோட்டு மனதுக்கும் துணை, மனுவுக்கும் துணை.

எழுதத் தெரியாதவர், எழுத முடியாதவர்

2011 கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தில் எழுத்தறிவு 84 விழுக்காடு. ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு எழுத்து கிடையாது. அவர்களை விட்டுவிட்டு எழுத்தை மருந்தென்று பேசுவது நியாயமாகாது.

இதற்கு வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. வாரணாசியில் இயங்கும் மனித உரிமை அமைப்பு ஒன்று, டேனிஷ் உளவியலாளர் இங்கர் ஆக்கருடன் சேர்ந்து, சித்திரவதைக்கு ஆளான 23 பேரிடம் 'சாட்சியச் சிகிச்சை' செய்துபார்த்தது. பாதிக்கப்பட்டவர் சொல்வார், களப்பணியாளர் எழுதுவார், திரும்பப் படித்துக் காட்டித் திருத்துவார். பிறகு ஊரார் முன்னிலையில் அதைப் படித்து, மரியாதை செய்து, அவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். 2009இல் வெளியான அதன் முடிவுகள் ஊக்கம் தருபவையாக இருந்தன.

சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில் 31 தமிழ்ப் பிள்ளைகளிடமும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. ஒரு பிரிவுப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொல்ல, ஆலோசகர் எழுதிக் கோத்தார். இன்னொரு பிரிவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். இந்த இடைவெளி பெரிதல்ல என்பது ஆய்வாளர் முடிவு. எழுத்து ஒரு வழி, ஒரே வழி அல்ல என்பதையும் இந்தச் சோதனை சொல்லிவிடுகிறது.

எழுதத் தெரிந்தும் எழுத முடியாதவர்கள் வேறு. ஒற்றை அறை வீட்டில் நோட்டை எங்கே ஒளித்து வைப்பது? மாமியார் கண்ணில் பட்டால், புருஷன் படித்தால்? அதைவிடப் பெரிய தடை, நோயாளிக்கே நோயின் பெயர் தெரியாமல் இருப்பது. 'அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்' என்ற வேண்டுகோள் இல்லாத புற்றுநோய் மருத்துவமனை இந்த நாட்டில் இருக்குமா? மூன்று மாதம் மருந்து ஏற்றி, முடி கொட்டி, கரண்ட் வைத்து வந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரியும் என்பதை வீட்டாரிடம் காட்டிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் நடிப்பு. சிகிச்சை முடிந்த பின்னும் அது முடிவதில்லை. 'அதான் சரியாயிடுச்சே' என்று சொல்லி ஊர் நகர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப் தேதி நெருங்கும்போது வரும் தூக்கமின்மை மட்டும் மீண்டவருடையதாகவே மிஞ்சும்.

காக்களூரில் செய்வதென்றால்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவானது. நோயாளிகளின் மனநலத்துக்கென்று தனித் துறையே அங்கு இருக்கிறது. ஆனால் அங்கே சிகிச்சை முடிந்தவர் திரும்பி வருவது காக்களூருக்கு. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வலியும் முடக்கமும் உள்ளவர்களுக்கு வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கு வருகிறது. வழி இருக்கிறது, அந்த வழியில் ஒரு நோட்டும் போகலாம்.

முறை எளிது. நாற்பது பக்க நோட்டு ஒன்று. வாரம் ஒருமுறை, மூன்று வாரம், அரை மணி நேரம். முதல் வாரம் நடந்தது மட்டும்: நாள், இடம், கூட வந்தவர், போன பஸ், செலவான பணம். இரண்டாம் வாரம், அதனால் வீட்டிலும் வேலையிலும் உடம்பிலும் மாறியது. மூன்றாம் வாரம், இதே நோய் புதிதாக வந்த ஒருவருக்குச் சொல்ல விரும்புவது. மனதைப் பற்றி எழுது என்று யாரும் கேட்க வேண்டாம். அது வரவேண்டிய வரியில் வந்துவிடும். இடம் வீடாக இருக்க வேண்டியதில்லை. கிளை நூலகம், மகளிர் குழு கூடும் இடம், சுகாதார நிலையத்தின் பெஞ்சு எதுவும் போதும். அமெரிக்காவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் காத்திருப்பு அறையிலேயே 71 பேரை இருபது நிமிடம் எழுதச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஓ.பி.யில் காத்திருக்கும் நேரம் நம் ஊரில் குறைவா என்ன?

கட்டாயமாகச் சில விதிகள் வேண்டும். எழுதியவர் தராமல் நோட்டை யாரும் படிக்கக் கூடாது. எழுத்துப்பிழை திருத்தக் கூடாது. கிழித்துப்போடவும் பாதியில் நிறுத்தவும் அவருக்கு உரிமை உண்டு. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுத் தாளை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். நோய் தெரிந்த முதல் வாரங்களிலேயே யாரையும் எழுதச் சொல்லக் கூடாது. எழுதிய பின் ஓரிரு நாள் மனம் கனப்பது இயல்பு. தூக்கமும் சாப்பாடும் போய், உயிர்மேல் வெறுப்பு வந்தால் நோட்டு உதவாது, மருத்துவர் வேண்டும். மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104, மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 ஆகியவற்றை நோட்டின் அட்டையிலேயே அச்சிட்டுவிடலாம்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14 லட்சத்துக்கும் மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை போட்ட கணக்கு. எழுத்து அவர்களில் ஒருவரின் கட்டியையும் கரைக்காது. வெல்லமும் கரைத்ததில்லை. ஆனாலும் குளத்தங்கரைக்கு வருகிறவர்கள் நெஞ்சில் இருப்பதைக் கொஞ்சம் இறக்கிவைத்துவிட்டுத்தான் படியேறுகிறார்கள்.

மருத்துவமனைகளில் ஃபைல் கட்டும் ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செக்கப் தேதி எழுதிய சீட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்துக் குத்திக் கொடுங்கள். தலைப்பில் 'என்ன நடந்தது?' என்று மட்டும் இருக்கட்டும். எழுதுவதும் எழுதாததும் அவர் விருப்பம்.